இரண்டாவது ஒயர்

“மறந்துட்டீங்களா? சாப்பிட மறக்குறீங்களா? சம்பளம் வாங்க மறக்குறீங்களா?”

ஆஸ்பத்திரி நிர்வாகி மேசையை ஓங்கித் தட்டினார். எதிரே ஒயர்க்காரர் கைகட்டி நின்றார். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. பதினாறு வருஷமாக அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

“மறந்துட்டேன் சார்.”

அறையில் இன்னும் இரண்டு பேர். சுவரோரம், ஏழாம் நம்பர் அறையில் இறந்துபோனவரின் மனைவி. ஜன்னலோரம், அன்றைக்கு அந்த வார்டில் இருந்த நர்ஸ்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த மனிதரின் இதயம் தடுமாறியது. தனியறை. படுக்கையருகே இருக்கும் மானிட்டர், வெளியே நர்ஸ் மேசைக்கு அபாய மணி அனுப்பும். மணி அடிக்கவே இல்லை என்கிறாள் நர்ஸ். இருபது நிமிஷம் கழித்து மருந்தோடு அவள் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

“சிஸ்டர் தூங்கிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்,” என்றார் நிர்வாகி.

“தூங்கல சார். சத்தியமா தூங்கல. முந்தின நாள் காலையில எட்டு மணிக்கு வந்தவ நான். மாத்த ஆள் இல்ல, இருங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. இருந்தேன். மணி அடிச்சிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?”

“அடிச்சுதா இல்லையான்னு சொல்லத்தான் இவரைக் கூப்பிட்டேன். இவர் என்னடான்னா பல்லைக் காட்டுறார்.”

ஒயர்க்காரர் பல்லைக் காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார்டில் மேசைத் திரை அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று புகார். காரணம் கண்டுபிடிக்க, போன வாரம்தான் அவர் நர்ஸ் மேசைக்கு வரும் ஒயரின் நடுவே ஒரு பெட்டியை வைத்தார். டேப் என்பார்கள். சோப்புக்கட்டி அளவு இருக்கும். போவது வருவது எதையும் தடுக்காது, தொடாது; ஒரு நகல் மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

“எங்களை ஒட்டுக்கேக்கவா அண்ணா?” என்று இதே நர்ஸ்தான் அன்றைக்குக் கேட்டாள்.

“உங்க பேச்சைக் கேட்டா என் காது தாங்குமா? இது ஒயர் பேசுறதை மட்டும்தான் கேக்கும்மா.”

வார்டே சிரித்தது.

நிர்வாகி குரலை இறக்கினார். “சரி, எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.”

“பெட்டியிலேருந்து ரெண்டு ஒயர் வெளிய வரும் சார். படுக்கை மேசைக்குச் சொல்றது ஒண்ணுல. மேசை திருப்பிச் சொல்றது இன்னொண்ணுல. ரெண்டையும் என் கம்ப்யூட்டர்ல சொருகணும். நான் முதலாவதை மட்டும்தான் சொருகியிருக்கேன்.”

“அதுல என்ன இருக்கு?”

“மூணு பன்னிரண்டுக்கு மணி கிளம்பியிருக்கு. மேசைக்கு வந்து சேர்ந்துச்சா, திரை அப்பவும் உறைஞ்சு கிடந்துச்சா, யாராவது மணியை நிறுத்தினாங்களா... அதெல்லாம் ரெண்டாவதுல இருந்திருக்கும்.”

“போச்சு. மெஷின் கெட்டுப்போய்தான் ஆள் செத்தார்னு ஊரே பேசும்.” நிர்வாகி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். “தம்பி, அவர் கூப்பிட்டது யாருக்காவது கேட்டுச்சா? அதை மட்டும் சொல்லிடுங்க.”

ஒயர்க்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“தெரியாதும்மா.”

அவள் தலையை ஆட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

“சிஸ்டர், உங்க மேல நடவடிக்கை எடுக்க ஆதாரமில்ல. வேற வார்டுக்குப் போங்க.” நிர்வாகி ஒயர்க்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வர வேண்டாம்.”

கீழ்த்தளத்தில் அவருடைய அறை. சாமான்களை எடுக்கப் போனவரை நர்ஸ் விரட்டிக்கொண்டு வந்தாள்.

“நில்லுங்க. உங்களை அண்ணான்னு கூப்பிட்ட வாயைக் கழுவணும். ரெண்டே ரெண்டு ஒயர்! கைக்கு ஒண்ணு! அதைச் சொருகக்கூடத் துப்பில்லையா உங்களுக்கு?”

அவர் அறைக் கதவைத் திறந்தார்.

“அது மட்டும் இருந்திருந்தா மேசை ஊமையாத்தான் கிடந்துச்சுன்னு அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இப்ப சாகற வரைக்கும் எனக்கு ஒரே பேருதான், தூங்கி ஆளைக் கொன்னவ. என் பொண்ணே கேக்குறா, நிஜமாவே தூங்கலையாம்மான்னு.”

“மன்னிச்சிடும்மா.”

“மாட்டேன். உங்க அலட்சியம் என்னை உயிரோட புதைச்சிருச்சு. நல்லா இருங்க.”

செருப்புச் சத்தம் படியேறி மறையும் வரை நின்றிருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டாவது ஒயரின் பதிவு முழுசாக இருந்தது. அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

மூன்று பன்னிரண்டு, நான்காவது நொடி: மணி வந்துவிட்டது என்று மேசை பதில் சொல்லியிருந்தது.

ஆறாவது நொடி: மணியை நிறுத்து. நிறுத்தியவரின் ஊழியர் எண், அவளுடையது.

முப்பத்தொரு மணி நேரமாக வேலையில் இருந்தவள், உட்கார்ந்தபடியே கண் சொருகிய அந்த இரண்டு நொடியில் பழக்கத்தில் அமுக்கியிருக்கிறாள். அது அவள் விரலுக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது.