இரட்டை மணி

“இரு” என்றார் அப்பா.

அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சியவை ஒற்றைச் சொற்கள்தான். அவையும் பாதி வழியில் குழறிப்போகும். இது குழறவில்லை.

கட்டில் ஓரத்தில் நாட்டாமை தோரணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. மகள் படிக்க வெளியூர் போகட்டுமா, வீட்டிலேயே இருந்து படிக்கட்டுமா?

பாறைகளைப் பற்றிய படிப்பு. இடம் கிடைத்துவிட்டது. எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கல்லூரியே சொல்லியிருந்தது. போனால் விடுதி, மலை, கையில் ஒரு சுத்தியல். போகாவிட்டால் வீட்டு மேசையில் கணினி, அதில் கல்லின் படம். கல் எங்கிருந்து பார்த்தாலும் கல்தானே என்பது அம்மாவின் கட்சி. படத்தைப் பார்த்து நீச்சல் பழகின கதைதான் என்பது சித்தப்பாவின் கட்சி.

ஒரு வாரமாக வீட்டில் இதே பாட்டு. முடிவெடுக்க வேண்டியவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. யார் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினாள்.

போக ஆசையா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஆனாலும் சுத்தியலை வாங்கிப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

கடைசியில்தான் அப்பாவே சொல்லட்டும் என்று முடிவானது.

“அண்ணன் ஒத்த மணி அடிச்சிட்டாரு. அப்புறம் என்ன, வண்டி நின்னுடுச்சு” என்று சித்தப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கயிற்றை ஒரு தடவை இழுத்து மணி அடித்தால் வண்டி நிற்கும். இரண்டு தடவை அடித்தால் கிளம்பும். வேலையை விட்டபின்னும் வீட்டில் சாப்பாடு தாமதமானால் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத துடைப்பு.

“இரு” என்றார் அப்பா மறுபடியும். இந்த முறை சத்தமாக. அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மகளையே பார்த்தார்.

“இருக்கேம்பா” என்றாள் அவள்.

அப்பாவின் முகம் கோணியது. “இரு! இரு!” என்று தலையணையில் தலையை மோதினார். அதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளே, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அம்மா ஓடிவந்து அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். இப்போதெல்லாம் அவருக்கு வீம்பு கூடிவிட்டது என்று அம்மாவுக்குத் தீராத குறை. தானே கேட்பார், கொண்டுவந்து கொடுத்தால் தட்டிவிடுவார்.

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா சமையலறைக்குள் போனாள். விவகாரம் முடிந்தது என்று பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

அவள் கட்டிலருகே நின்றாள்.

“அணை” என்றார் அப்பா, மேலே பார்த்து.

அவள் போய் ஃபேனைப் போட்டாள்.

அணை என்றால் போடு. போதும் என்றால் இன்னும் வேண்டும். குளிருது என்றால் வேர்க்கிறது. வந்த நோய், சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றிப் போட்டதுபோல, அவர் சொற்களைத் திருப்பிப் போட்டுவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என் புருஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறாயா என்று அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா சொல்வதைக் கேட்டு, எதிர்மாறாகச் செய்து, பேசாமல் இருந்துகொண்டாள்.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் வேர்த்துக்கொண்டேதான் கிடக்க வேண்டும். எல்லோரும் அன்பாகப் போர்த்திவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அப்பா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லேன் என்பதுபோல. உனக்குத் தெரியுமே என்பதுபோல. அவள் ஃபேனைப் பார்த்தாள்.

அவர் மேற்கொண்டு பேச முயலவில்லை. நல்ல கையை, இடது கையை, மெல்ல இழுத்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்துக்குக் கொண்டுபோனார். மோதிரம் போட்ட விரலைத் தூக்கினார்.

டங். டங்.

மரப்பு விடும்போது பல்லில் ஒரு வலி எட்டிப்பார்க்குமே, அது வந்தது. வந்த வழியே போனது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. “என்னடி, என்ன வேணுமாம் அப்பாவுக்கு?”

“தண்ணி கேக்கறாரும்மா” என்றாள்.

டம்ளர் நிறையக் கொண்டுவந்து, ஒரு கையால் அவர் தலையைத் தூக்கி, உதட்டருகே பிடித்தாள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை.