காலை ஊன்றினால் பெயில்

மலை முகட்டுப் பாதையில் மெத்தைக் கடைக்காரன் ஏழாவது முறையாக நின்றுவிட்டான்.

"ஒரு நிமிஷம் சார், ஷூவுக்குள்ள கல்லு."

பிரேக் இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. முப்பது வருடம் லைசென்ஸ் கொடுத்த கை. எட்டு போடும்போது காலைத் தரையில் ஊன்றினால் பெயில். அழுதாலும் பெயில். அமைச்சரின் சிபாரிசோடு வந்தாலும் பெயில்.

மெத்தைக் கடைக்காரன் அவர் மகளைக் கேட்டு வந்திருந்தான். அவளும் இவன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காட்டுக்குள் எட்டு கிலோமீட்டர் என்னோடு நடக்கட்டும், அந்தக் கோடியில் பதில் சொல்கிறேன் என்று இவர் அறிவித்துவிட்டார். என்ன பதிலானாலும் மறுபேச்சு இல்லை என்று மகளிடம் வாக்கும் வாங்கியாயிற்று.

ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருந்தான். நடைதான் வரவில்லை. முதல் ஏற்றத்திலேயே தண்ணீர் என்றான். அடுத்த ஏற்றத்தில் ஏதோ ஒரு குருவியைப் படம் பிடிக்க வேண்டும் என்றான். குருவி பறந்துபோய் வெகுநேரம் ஆகியும் ஐயா போனை இறக்கவே இல்லை. மெத்தை விற்கிற உடம்பு வேறு எப்படி இருக்கும்?

அவருக்கோ அன்று காலில் சக்கரம். அறுபத்தொரு வயதில் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. பாறை விளிம்பில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபோது தன்மேலேயே அவருக்குப் பெருமை பொங்கியது.

மகளின் முகத்தை நினைத்தால் மட்டும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். இவன் பெயில். அதை எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் கோத்து வைத்துவிட்டார்.

பாதை முடியும் இடத்தில் வனத்துறைச் சாவடி. பதிவேட்டோடு வெளியே வந்த காவலர் பிரேக் இன்ஸ்பெக்டரைச் சட்டை செய்யவில்லை. பின்னால் வந்தவனைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"என்ன, இன்னைக்கு இவ்வளவு நேரம்? ஞாயித்துக்கிழமையானா ஒரு மணி நேரத்துல ஓடி வந்து, கையெழுத்துப் போட்டுட்டு, வந்த வழியே திரும்பவும் ஓடுவீங்களே."

மெத்தைக் கடைக்காரன் அவசரமாகக் கண்ணைக் காட்டினான். காவலருக்கு ஒன்றும் புரியவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் வெடவெடவென்று நடுங்குவது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. மகளை நினைத்தபோது, வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

பிறகு எதிரே நின்றவனிடம் கையை நீட்டினார்.

"கொஞ்சம் தூக்கி விடுங்க, மாப்பிள்ளை."