நாலு மணிக்கு அம்மா வேண்டாம்

"இன்னையிலேர்ந்து நாலு மணிச் சாப்பாட்டுக்கு நீ என் பக்கத்துல உட்காராதே."

பெரியவள் இப்படிச் சொன்னதும் அம்மா கையிலிருந்த பால் கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"ஏம்மா? நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"ஒண்ணும் சொல்லலை. மத்த வேளைக்கெல்லாம் நீயே உட்காரு. நாலு மணிக்கு மட்டும் அத்தை வரட்டும்."

பெரியவளுக்குப் பதினைந்து வயது. சாப்பாட்டைக் கண்டாலே பயம். அப்படி ஒரு நோய். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஒவ்வொரு வேளையும் பெரியவர் ஒருத்தர் கூடவே இருக்கணும், தட்டு காலியாகிற வரை நகரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மா வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டு ரொட்டிக்கு முக்கால் மணி நேரம். அழுகை, கெஞ்சல், சில நாள் தட்டே பறக்கும். எதற்கும் அசையாமல் உட்கார்ந்தவள் அவள்.

மாடி வீட்டு நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் சமையலறைக்கு வந்து பொரிந்தாள்.

"பார்த்தீங்களா அண்ணி நன்றியை! அவளுக்காக வேலையை விட்டீங்க, இப்ப உங்க மூஞ்சி பிடிக்கலையாம் மகாராணிக்கு."

"அவ பேசலை. நோய் பேசுது." டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததை அம்மா அப்படியே சொன்னாள். ஆனால் கண் நிறைந்துவிட்டது. "உன்னைச் சுலபமா ஏமாத்திடலாம்னு நினைக்கிறா போல. ரொட்டியைச் சட்டைக் கைக்குள்ள சொருகிடுவா. கண்ணை எடுக்காதே."

"என்கிட்டயா? இருபது வருஷமா பரீட்சை ஹால்ல நிக்கிறவ நான். பிட்டு எங்கெங்கே ஒளியும்னு எனக்குத் தெரியாதா?"

நாலு மணிக்குச் சாப்பாட்டு அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அம்மா சமையலறையில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டாள். "கை மேஜைக்கு மேல இருக்கட்டும். ம், கடி. மென்னு முழுங்கு." உள்ளே நாத்தனாரின் ஹால் குரல்.

நான் எவ்வளவு பதமாகச் சொல்வேன்! என்னை வேண்டாம் என்றுவிட்டு இந்தக் குரலைக் கேட்கிறாளே.

"அம்மா, இன்னைக்கு எங்க மிஸ் தும்மினாங்க பாரு, மூக்குக் கண்ணாடியே பறந்து போச்சு!"

பள்ளி விட்டு வந்த சின்னவள். எட்டு வயசு. அவளால் எந்தத் தொந்தரவும் கிடையாது. தானே பாலை எடுத்துக் குடிப்பாள், தானே கிளாஸைக் கழுவி வைப்பாள்.

"ம்" என்றாள் அம்மா, கதவைப் பார்த்தபடி.

"நீ சிரிக்கவே இல்லை."

அம்மா திரும்பினாள். "எங்கே போய் விழுந்துச்சு கண்ணாடி?"

"முதல் பெஞ்சுப் பையன் மடியில!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று!

இரண்டு நாள் நின்றுகொண்டே கேட்டவள், மூன்றாம் நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அஞ்சு நிமிஷத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற சின்னவள், இப்போது ஒரு வாழைப்பழத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் சாப்பிடேன்டி."

"பழம் சூடா இருக்கும்மா."

நாலரைக்குக் கதவு திறக்கும். அம்மா ஓடிப்போய்ப் பூந்தொட்டி, நாற்காலி மெத்தை இடுக்கு, ஜன்னலுக்கு வெளியே என்று எல்லா இடத்தையும் துழாவுவாள். ஒரு துணுக்கு ரொட்டிகூட அகப்படாது.

"எல்லாம் காலி அண்ணி" என்றாள் நாத்தனார் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "ஆனா இன்னைக்குப் பத்து நிமிஷம் தேம்பினா. 'அம்மாவைக் கூப்பிடவா'ன்னு கேட்டேன். வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு, அழுதுக்கிட்டே கடிச்சா."

அழும்போதுகூட நான் வேண்டாமா? ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பெற்ற பெண்ணுக்காக இப்படி ஏங்க வேண்டியிருக்கும் என்று அம்மா நினைத்ததே இல்லை.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எண் கண்ணில் படாதபடி பெரியவளைத் திருப்பி நிற்கவைத்து எடை பார்த்தார்கள். டாக்டரம்மா முதலில் அவளோடு தனியாகப் பேசினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"குறைஞ்சிருக்கா டாக்டர்?"

"இல்லை. கூடியிருக்கு."

அம்மாவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை. "அப்போ நான் பக்கத்துல இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமா இருந்திருக்கு, இல்லையா?"

"நாலு மணி விஷயத்துல எனக்கும் சந்தேகம்தான். கூட இருக்கறவங்களை விலக்கி வைக்கப் பார்க்கறது இந்த நோயோட குணம். அதனால நேராவே கேட்டேன். முதல்ல மழுப்பினா. அப்புறம் சொன்னா. உங்ககிட்ட சொல்லவும் சம்மதிச்சா."

"என்ன சொன்னா?"

"ஆறு வேளையில நாலு மணிதான் அவளுக்கு ரொம்பப் பயமாம். நீங்க பக்கத்துல இருந்தாத்தான் அந்தப் பயம் கொஞ்சமாவது குறையுமாம்."

"பின்னே ஏன் டாக்டர் என்னை வேண்டாம்னா?"

டாக்டரம்மா நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஒருநாள் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவப் போனப்போ சமையலறையை எட்டிப் பார்த்திருக்கா. உங்க சின்னப் பொண்ணு தனியா உட்கார்ந்து, உங்க குரல்லயே, 'இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு, அம்மா பக்கத்துலயேதானே இருக்கேன்'னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாளாம்."