மேஸ்திரிக்குப் பிடிக்காத முகம்

"அஞ்சு வருஷ உழைப்பு! உங்க தலை ஜன்னல்ல தெரிஞ்சதும் நாசமாப் போச்சு!"

பேராசிரியை போட்ட சத்தத்தில் கூண்டுக்குள் இருந்த ஆறு காகங்களும் ஒரு கணம் கரைவதை நிறுத்தின. பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, கண்ணாடிக் குழாயின் அடியிலிருக்கும் குட்டி வாளியை இரையோடு தூக்கி எடுக்கும் காகத்துக்கு ஆய்வகத்தில் மேஸ்திரி என்று பெயர். சற்றுமுன் மேஸ்திரி கம்பியைப் பாதி வளைத்திருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கூண்டுப் பராமரிப்பாளர் ஜன்னலைக் கடந்தார். அவ்வளவுதான். கம்பியைத் துப்பிவிட்டு வலையில் பாய்ந்து, அவரை வண்டை வண்டையாகத் திட்டத் தொடங்கிவிட்டது.

"ஜன்னல் பக்கம் வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தண்ணிக் குழாய் அந்தப் பக்கம்தானே இருக்கு மேடம்."

"என் கைமேல வந்து உக்காருதுங்க. உங்களைக் கண்டா மட்டும் ஏன் துரத்துதுங்க?"

அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவினார். "எனக்கு முகராசி இல்ல மேடம்."

"ராசியாம் ராசி! தனக்குக் கெடுதல் பண்ணின முகத்தைக் காக்கா வருஷக்கணக்கா மறக்காது. பதினோரு வருஷமா இங்க இருக்கீங்க, நாலு மாசமாத்தான் இந்தக் கூத்து. நாலு மாசத்துக்கு முன்னாடி அதுங்களை என்ன பண்ணீங்க? கம்பால அடிச்சீங்களா?"

"அடிக்கல மேடம்."

"அப்போ காக்கா பொய் சொல்லுதா?"

அவர் கூண்டின் மேல் ஏறும் வெயிலைப் பார்த்தார்.

"நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க முன்னாடியும் இப்படி ஆச்சுன்னா இந்த ஆய்வகத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். இன்னைக்கே நிர்வாகத்துக்கு எழுதுறேன். பறவையை வதைக்கிற ஆளுக்கு இங்க வேலை கிடையாது."

அவர் வாளியைக் கையில் எடுத்தார். "எழுதுங்க மேடம். தண்ணியை மட்டும் மாத்திட்டுப் போயிடறேன், வெயில் ஏறுது."

இந்தச் சாதுவான பேச்சுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. விறுவிறுவென்று அறைக்குப் போய்க் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். 'அவருடைய கொடுமைக்குப் பறவைகளே சாட்சி' என்ற வரி அவளுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று.

"என்னடி, முகத்துல அடுப்பெரியுது?"

ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு பறவை மருத்துவர் உள்ளே வந்தாள். கல்லூரித் தோழி. கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற உரிமை அவளுக்கு உண்டு.

"அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கப்போறேன். காக்கா எல்லாம் அவர் முகத்தைக் கண்டாலே கொலைவெறியோட பாயுதுங்க."

"பாயாம? மாசாமாசம் ரத்தம் எடுக்க அதுங்களை அமுக்கிப் பிடிக்கிறது அவர்தானே?"

"அதுக்குத்தான் முகமூடி இருக்கே!"

பேராசிரியை சுவரைக் காட்டினாள். 'காகத்தைப் பிடிப்பவர் முகமூடி அணிவது கட்டாயம்' என்று அவளே எழுதி ஒட்டிய உத்தரவு. மொட்டைத் தலையும் புடைத்த மூக்குமாக ஒரு ரப்பர் முகம். அதை மாட்டிக்கொண்டு பிடித்தால் காகங்களின் கோபமெல்லாம் ரப்பரின் மேல் போகும். பழி ரப்பருக்கு, பாசம் நமக்கு என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வாள்.

"முகமூடியா? அது கிழிஞ்சு நாலு மாசம் ஆச்சேடி."

"அப்போ எப்படிப் பிடிக்கிறார்?"

"வெறும் முகத்தோட. நான் கதவுக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு ஊசியைக் குத்திடுவேன். எனக்கும் மாசாமாசம் இங்க வந்து போகணுமே."

"துண்டையாவது முகத்துல கட்டிக்கலாமில்ல?"

"கட்டிப் பாத்தார். மேஸ்திரி ஒரே இழுப்புல கழட்டிடுச்சு. கம்பியையே வளைக்குது, துண்டு எம்மாத்திரம்?"

"புது முகமூடி கேட்டு வாங்கினா என்ன?"

"மூணு தடவை எழுதிக் கேட்டோம். உன் மேஜை டிராயரைத் திறந்து பாரு."

திறந்தாள். மூன்று தாள்கள். மூன்றிலும் சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து: 'இருப்பதை ஒட்டிப் பயன்படுத்தவும்.'

"ஒட்டினோம். மறுபடியும் கிழிஞ்சுது," என்றாள் மருத்துவர்.

"நேர்ல வந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? தள்ளு, நானே பிடிக்கிறேன்னு கூண்டுக்குள்ள இறங்கிடுவ. அதனாலதான் சொல்ல வேண்டாம்னு தடுத்துட்டார்."

பேராசிரியை கடிதத்தை அழித்துவிட்டு வெளியே வந்தாள்.

கூண்டுக்குள் அவர் குனிந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவர் தலைக்கு மேல் வட்டமிட்டு, குறி பார்த்து, கொத்திவிட்டுப் போயிற்று. அவர் தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

"அவ்வளவு திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" இப்போதும் அவளுக்கு அதட்டத்தான் வந்தது. "உங்களுக்கு மட்டும் எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

அவர் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க முகத்தைப் பாத்துத்தான் மேஸ்திரி கம்பியை வளைக்குது மேடம். அந்த முகத்தைக் கெடுத்துக்கிட்டா அஞ்சு வருஷ உழைப்பு என்னாகிறது? என் முகத்தைப் பாத்து அது என்ன செய்யப்போகுது, கொத்தத்தானே? கொத்திட்டுப் போகட்டும்."