சுவிட்ச் இருந்த உயரம்

நடிகர் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காட்சிப்படி அவர் வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட வேண்டும். சுவிட்ச் வெறும் பொம்மைதான். கை அதன்மேல் பட்டதும் ஒளியமைப்பாளர் வெளிச்சம் தருவார். பட்டால்தானே?

“சுவிட்ச் எங்கம்மா?” என்று கீழேயிருந்து கத்தினார் இயக்குநர்.

மேடையேறிக் காட்டினேன். அது நடிகரின் இடுப்புக்கும் கீழே இருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதன்பிறகு இயக்குநர் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட்டது. வாசலில் படி இல்லை. கதவு, பீரோவையே படுக்கவைத்து உள்ளே தள்ளலாம் போல அகலம். கண்ணாடியில் நடிகரின் சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. நாடகத்தில் அந்த வீட்டில் இருப்பதோ ஒரு தனிக்கட்டை வாத்தியார், அதுவும் ஆறடி உயரம்.

நீண்ட விடுப்புக்குப் பிறகு நான் செய்த முதல் அரங்க அமைப்பு இது. ‘அவங்களால இப்ப முடியாது’ என்று குழுவில் பலரும் சொன்னபோது, எனக்காகச் சண்டை போட்டவர் இதே இயக்குநர்தான். நாளை முதல் காட்சி. இதையும் கோட்டைவிட்டால் நாள் முழுக்க வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நினைக்கவே பயமாக இருந்தது.

எங்கள் குழுவின் தச்சர் என் கணவர். இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார்.

“அவங்க ஏதோ ஞாபகத்துல வரைஞ்சுட்டாங்க. அடிக்கும்போது நீங்களாவது பாத்திருக்கக் கூடாதா?”

கால் அங்குலம் பிசகினாலும் என்னோடு மல்லுக்கு நிற்கிற மனிதர். சுவிட்சைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

“எனக்கு எல்லாம் சரியாத்தான் பட்டுச்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயக்குநருக்கும் புரிந்திருக்க வேண்டும், தானே ஸ்குரூடிரைவரை எடுத்து என் கணவரிடம் நீட்டினார்.

சுவிட்சையும் கண்ணாடியையும் கழற்றி மேலே ஏற்றினோம். வாசலில் படி வைத்தோம், கதவைக் குறுக்கினோம். அடுத்த முறை நடிகர் பார்க்காமலே கை வைத்தார். மேடை பளிச்சென்று ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர்தான் முதலில் உள்ளே போனார். குனிந்து விளக்கைப் போட்டார்.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே எங்கள் மகளுக்குக் கை எட்டட்டும் என்று, அவள் சிறுமியாக இருந்தபோது அவரே இறக்கிவைத்த சுவிட்ச் அது. அவள் இறந்தபிறகும் அங்கேயேதான் இருந்தது.

ஸ்குரூடிரைவர் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

“இதையும் ஏத்திடட்டுமா?” என்று கேட்டார்.

நான் விளக்கை அணைத்தேன். மறுபடியும் குனிந்து போட்டேன்.