மருமகனுக்கு வந்த சீனி

"மாமி, எனக்கு இனிச் சீனி போடாதீங்க. நேத்து ரத்தம் சோதிச்சன். சீனி வருத்தமாம்."

மருமகன் றிப்தி இப்படிச் சொன்னதும் ஸுலைஹா சீனி போடப் போன தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே கீழே வைத்தாள். அவன் பாலமுனையிலிருந்து கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான். வயது முப்பதுகூட ஆகவில்லை.

மாமனார் ஆதம்பாவா தன் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு எட்டு வருடமாக அதே சீனி வருத்தம், நீரிழிவு. நினைத்த நாள் மாத்திரை போடுவார். பால்தேத்தண்ணி மட்டும் நாளுக்கு ஏழு, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. இடது கண் மங்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் ஏசினார், மனைவி அழுதாள், மகள் அம்ஹா பேசாமல் இருந்து பார்த்தாள். யாருக்கும் அவர் மசியவில்லை.

"தனியக் குடிக்க ஏலாது மாமா, கசக்குது," என்றான் றிப்தி. "கூட ஆராவது குடிச்சா எனக்கும் பழகிரும்."

"பாப்பம்." சாரனை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த நாளும் பகல் முழுக்க ஆள் வீட்டில் இல்லை.

மூன்றாம் நாள் காலை அவரே கேட்டார்: "ஸுலைஹா, எனக்கும் பால் இல்லாம பிளேன்டி ஊத்து. சீனி வாணாம்."

மருமகனைப் பார்த்தபடியே கோப்பையைக் காலி செய்தார்.

அன்றிலிருந்து சுபஹ் தொழுதுவிட்டு இருவரும் கடற்கரையில் நடந்தார்கள். மாத்திரைகூட நேரத்துக்கு உள்ளே போனது. கலியாண வீடுகளில் இனிப்பான வட்டிலப்பம் வந்தால், "நமக்கு வாணாம் மகன்," என்று மாமாவே தட்டைத் தள்ளிவைத்தார்.

ஏழு மாதம் கழித்து, கிளினிக்கில் ரிப்போட்டைப் பார்த்த டொக்டர் பெயரை இரண்டு தரம் வாசித்தார். வெறும் வயிற்றில் முந்நூறு காட்டிய சீனி நூற்றுப் பதினாறில் நின்றது.

வெளியே வந்ததும் றிப்திக்கு மனம் பொறுக்கவில்லை.

"மாமா, மன்னிச்சிருங்க. எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல. வேற வழி தெரியாம நானும் அம்ஹாவும் சேந்து சொன்ன பொய்."

"தெரியும் மகன்."

"தெரியுமா? எப்பயிருந்து?"

"நீங்க சொன்ன அடுத்த நாளே. வருத்தத்த மறைச்சிக் கலியாணம் பேசிட்டாங்களெண்டு, கோவத்தில பாலமுனைக்குப் போய் உங்கட உம்மாவோட சண்ட புடிச்சன். அவ சிரிச்சா. 'அவனுக்கா வருத்தம்? கலியாணத்துக்கு முதல் ரத்தம் சோதிச்சும் ஒண்டும் இல்லியே. நாலு கரண்டி சீனி இல்லாட்டிக் கோப்பையத் தொடவும் மாட்டானே' எண்டா."

ஆதம்பாவா மருமகனின் தோளில் கைபோட்டார்.

"திரும்பி வந்து பாத்தா, நீங்க அந்தக் கசப்பத் தனியக் குடிச்சிட்டு இரிக்கீங்க. அதுக்குப் பிறகு நான் எந்த வாயால, மகன், சீனி கேக்கிற?"