மூணு பனை வளைவு

"சிங்கம் வேண்டாம், சிறுத்தை வேண்டாம்னா, அப்புறம் எதுக்குப் பெரியவரே சஃபாரி வர்றீங்க?" போனில் கியோகோ சிரித்தான். சம்புரு காட்டு முகாம் ஒன்றில் முன்பதிவு பார்ப்பவன் அவன்.

இசியோலோ ஊரில், ஒற்றை அறையில், ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்த லெகிசாத்துக்கு அந்தச் சிரிப்பை விட்டுவிட மனமில்லை. அந்த வாரத்தில் அவரோடு பேசிய முதல் குரல் அது.

"மான் தெரிஞ்சாப் போதும்பா. ரெண்டு நாளைக்கு. ஆனா வண்டிய உங்க டிரைவர் பொண்ணு நைசுலாதான் ஓட்டணும்."

"எல்லாரும் அவளையேதான் கேக்குறாங்க! வேற ஒருத்தன் இருக்கான், யானைய மூக்காலேயே கண்டுபிடிப்பான்..."

"வேண்டாம். அவ இல்லேன்னா நான் வரலை."

"கோவப்படாதீங்க. அவளுக்கு வாய் ஓயாது. காதுக்குப் பஞ்சு எடுத்துட்டு வாங்க."

"அதுக்குத்தான் வர்றேன்." நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "விருந்தாளி எது கேட்டாலும் பதில் சொல்லணும்ல? அதானே உங்க முகாம்ல சட்டம்?"

"ஆமா, நூறு தடவை கேட்டாலும் சொல்லணும். எத்தனை பேரு?"

"நான் மட்டும்."

"ஒரு ஆளுக்கு ஒரு வண்டியா! சரி, எந்த சீட்டு?"

"முன் சீட்டு. அவ பக்கத்துல. அப்புறம், ஆத்தோரமா மூணு பனை வளைவுல கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

"அப்படி ஒரு இடம் எங்க மேப்லயே இல்லியே?"

"அவளுக்குத் தெரியும்."

"உங்க பேரு?"

"விருந்தாளின்னு போட்டுக்க."

"இங்க வர்ற எல்லாருமே விருந்தாளிதான் பெரியவரே! இருங்க, இப்பத்தான் வண்டிய விட்டு இறங்குறா. கேட்டுட்டு வந்துடறேன்."

லெகிசாத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தூரத்தில் ஜீப் கதவு சாத்தும் சத்தம். கியோகோ ஏதோ சொல்கிறான். அவள் முடியாது என்றுவிட்டால்? நேற்றே துவைத்து மடித்துக் கட்டிலில் வைத்த சட்டையைப் பார்த்தார்.

திரும்பி வந்த கியோகோவின் குரலில் சிரிப்பு இல்லை.

"வர்றாளாம். மூணு பனைகிட்டயும் நிறுத்துவாளாம். முன் சீட்டு மட்டும் கிடையாதாம்."

"ஏம்ப்பா?"

"அவ சொன்னத அப்படியே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்னு ஆறு வருஷம் முன்னாடி என்னைய வீட்டை விட்டுத் துரத்துன எங்கப்பாவ, ரெண்டு நாளும் பின் சீட்டுல உக்காந்து நான் ஓட்டுறதப் பாக்கச் சொல்லு.'"